வாப்பா எழுந்து போன நேரங்கள்

நோன்பு 1, வியாழன்

இந்த நோட்டு பாலிடெக்னிக்கில் நீர் ஓட்டத்தை அளக்கும் லேபுக்காக வாங்கியது. எழுதியிருந்தது மூன்று பக்கம். கிழித்துவிட்டேன். மிச்சம் வாப்பாவுக்கு. இதுவும் நீர் ஓட்டம்தான்.

வாப்பாவுக்கு அறுபத்தொரு வயது. புராஸ்டேட் வீங்கியிருக்கிறது. ராத்திரி ஆளைத் தூங்கவிடாமல் எழுப்பி எழுப்பிப் பாத்ரூமுக்கு அனுப்புகிறது. போன வாரம் டாக்டர் தெய்வானையிடம் போனோம். பெண் டாக்டர் என்று தெரிந்ததும் வாப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "லேசா வாயு மாதிரி இருக்கும்மா" என்றார். நான்தான், "வாயு இல்ல மேடம், யூரின்" என்றேன். வெளியே வந்ததும் என்னை விட்டுவிட்டு இரண்டு தெரு முன்னால் நடந்தார்.

ரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே சாப்பிடும் நீர் மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்குப் பின் போட வேண்டும். புதிதாகக் கொடுத்த கேப்ஸ்யூலை ராத்திரிச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரம் கழித்து. ராத்திரி எத்தனை மணிக்கு, எத்தனை தடவை எழுந்து போகிறார் என்று எழுதிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். வாப்பா எழுத மாட்டார். உம்மா, "தமீம் சும்மாத்தானே இருக்கான், அவன் எழுதட்டும்" என்றாள். இந்த வீட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் 'சும்மா' வராத வாக்கியம் கிடையாது.

இன்று முதல் நோன்பு. காலைச் சாப்பாடே இல்லை. அப்புறம் காலை மாத்திரையை எங்கே வைப்பது? உம்மா கேட்டாள். பத்து நொடியில் முடிவு சொன்னேன். நாளின் முதல் சாப்பாடு சாயங்காலம் நோன்பு திறக்கும் கஞ்சி. கடைசிச் சாப்பாடு விடியுமுன் சாப்பிடும் சஹர். ஆகவே நீர் மாத்திரை கஞ்சிக்குப் பின், கேப்ஸ்யூல் சஹருக்குப் பின். இரண்டு டப்பா எடுத்து ஸ்கெட்ச் பேனாவால் 'முதல்', 'கடைசி' என்று எழுதி ஒட்டினேன்.

"என்ன இருந்தாலும் படிச்ச புள்ள" என்றாள் உம்மா. பாலிடெக்னிக் எனக்குத் தந்த ஒரே பாராட்டு.

எழுந்த நேரம்: 10.20, 11.30, 12.45, 2.00, 3.10.

(போனில் கேம் விளையாடிக்கொண்டிருந்தேன். அதனால் தெரிந்தது.)


நோன்பு 2, வெள்ளி

மேடத்துக்குப் புரிவதற்காகக் கொஞ்சம் விளக்கம். நோன்பு மாதத்தில் ராத்திரி தராவீஹ் என்று ஒரு நீண்ட தொழுகை உண்டு. எங்கள் மேலப்பாளையம் தெருப் பள்ளிவாசலில் இருபது ரக்அத். நின்று, குனிந்து, நெற்றி தரையில் பட விழுந்து எழுந்தால் ஒரு ரக்அத். நான்கு முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து மூச்சு வாங்குவார்கள். அப்போது ஒருவர் மைக்கில் தஸ்பீஹ் என்னும் இறைத்துதியைச் சொல்ல, கூட்டம் திருப்பிச் சொல்லும்.

இருபத்திரண்டு வருஷமாக அந்த ஒருவர் என் வாப்பா கோதர் மைதீன். அவருடைய கண்ணாடிக் கடையில் பேரம் பேசும்போது குரல் உடைந்த சில்லு மாதிரி கரகரவென்று இருக்கும். மைக் முன்னால் உட்கார்ந்தால் ஆளே வேறு. மூன்றாவது வரியில் ஓர் இழுப்பு இழுப்பார் பாருங்கள், தொழப் போகுமுன் கை கால் கழுவும் ஹவுள் தொட்டியில் உள்ள மீன்கள்கூட நீந்தாமல் நின்று கேட்கும்.

அந்த இழுப்பை நானும் அச்சாகச் செய்வேன். டீக்கடையில் எங்கள் நண்பர்கள் செட்டுக்கு ராத்திரிதோறும் அதுதான் பொழுதுபோக்கு. வாப்பாவுக்குத் தெரியாது. இதை மேடத்திடம் கொடுக்குமுன் அடித்துவிட வேண்டும்.

இன்று எட்டு ரக்அத் முடிந்து தஸ்பீஹ் சொன்ன கையோடு வாப்பா எழுந்து வெளியே ஓடினார். சிறுநீர் போனால் தொழுகைக்கு முன் செய்யும் ஒளு என்னும் சுத்தம் முறிந்துவிடும். மறுபடியும் கை, முகம், கால் கழுவி, அத்தனை வரிசையையும் தாண்டி முன்னால் வர வேண்டும். அவர் திரும்புவதற்குள் அடுத்த தொழுகையில் பாதி போய்விட்டது. நான் வாசலில் செருப்பு தேடிக்கொண்டிருந்ததால் பார்த்தேன். எட்டோடு கிளம்பிவிடுவது என் வழக்கம்.

வீட்டில் பிடித்துக்கொண்டார். "பாலிடெக்னிக்கப் பாதியில விட்ட. ஏ.சி. மெக்கானிக்கப் பாதியில விட்ட. இப்ப தொழுகையுமால?"

"நீங்களுந்தான் பாதியில எந்திரிச்சு ஓடுதிய."

உம்மா கரண்டியைத் தூக்கினாள். மிச்சத்தை மாடியில் நின்று கேட்டேன்.

எழுந்த நேரம்: 10.40, 11.35, 1.00, 2.10, 3.20.


நோன்பு 4, ஞாயிறு

ஆறு தடவை. உம்மா பழியைத் தர்பூசணி மேல் போட்டாள். இன்று முதல் வீட்டில் தர்பூசணிக்குத் தடை.


நோன்பு 5, திங்கள்

தர்பூசணி இல்லாமலும் ஆறு தடவை. ரோஸ்மில்க்குக்கும் தடை.


நோன்பு 6, செவ்வாய்

கஞ்சி அரைக் கோப்பையாகக் குறைந்தது. அப்போதும் ஆறு தடவை. பாவம், தர்பூசணி.

நோன்பு திறக்க மலுக் மாமா வந்திருந்தார். உம்மாவின் அண்ணன். கையில் ஆறு சமோசா கொண்டுவந்து எட்டு சாப்பிடும் மனிதர். கஞ்சியை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பித்தார்.

"மாப்ள, வயசாகுதுல்லா. மைக்க இந்த ஒரு வருசம் எங்கிட்ட குடுங்களேன். நீங்க பாத்ரூம் வாசல்ல ஒரு சேரப் போட்டு நிம்மதியா தொழுவுங்க."

"ஒங்க குரலக் கேட்டா ஆளுவ பெருநாளைக்கு முந்தியே ஊரக் காலி பண்ணிருவாங்க மச்சான்."

"சிரிக்காதிய. பள்ளிவாசல் தலைவரே கேக்காரு. இருபத்தேழாம் ராத்திரி எந்திரிச்சு ஓடுனா நல்லாவா இருக்கும்னு."

வாப்பா கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டார். இருபத்தேழாம் இரவு என்றால் ஊரே பள்ளிவாசலில் இருக்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள்கூட அன்றைக்கு வந்து சேர்வார்கள். அன்று மைக் கைமாறினால் அடுத்த வருஷம் திரும்பி வராது. அது மாமாவுக்கும் தெரியும்.

"அன்னைக்கு நான் அசைய மாட்டேன்" என்றார் வாப்பா. சொல்லிவிட்டு எழுந்து பாத்ரூமுக்குப் போனார். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் அவருடைய ஒன்பதாவது சமோசாவை எடுத்துத் தின்றேன்.


நோன்பு 8, வியாழன்

எட்டு முடிந்து வெளியே போன வாப்பா பன்னிரண்டு முடிந்தும் வரவில்லை. மைக் சும்மா நின்றது. மலுக் மாமா தாவிப் பிடித்துச் சொன்னார். தகர டின்னில் கல்லைப் போட்டுக் குலுக்கிய மாதிரி இருந்தது. ஆனாலும் கூட்டம் திருப்பிச் சொன்னது. கூட்டத்துக்கு என்ன?

வாப்பா முழங்கை வரை ஈரத்தோடு திரும்பி வந்தார். முன்னால் போகவில்லை. கடைசி வரிசையில், ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டிருந்த சின்னப் பையன்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். ஒரு பையன், "தள்ளி உக்காருங்க பாய்" என்றான்.

எட்டோடு போகும் நான் அதுவரை ஏன் அங்கே இருந்தேன் என்று கேட்க வேண்டாம். செருப்பு தொலைந்துவிட்டது.

எழுந்த நேரம்: 10.50, 11.40, 12.30, 1.30, 2.20, 3.15.


நோன்பு 9, வெள்ளி

நீர் மாத்திரை தீர்ந்துவிட்டதென்று மதியம் செல்வின் அண்ணாச்சியின் மெடிக்கலுக்குப் போனேன். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"வாப்பா நோன்பு வைக்காரா? இத எப்ப போடுதாரு?"

"நோன்பு தொறந்ததும்."

"ஏல, போட்டு ஒரு மணி நேரத்துல ஆளத் தரதரன்னு பாத்ரூமுக்கு இழுத்துட்டுப் போவுமே! ஆறு மணி நேரம் வேல காட்டும். அதனாலதான காலைல குடுக்கது. ராத்திரி குடுத்தா மனுசன் எங்க தூங்க? எந்த மடையன் மாத்துனது?"

"தெரியல அண்ணாச்சி. பக்கத்து வீட்ல சொன்னாங்க."

"வாப்பாவ டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ. நீங்களா ஒண்ணும் செய்யாதிய."

சரி என்றேன். வீட்டுக்கு வந்தேன். உம்மா அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். டப்பாக்களில் மாத்திரைகளை இடம் மாற்றிப் போட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இனிமேல் கேப்ஸ்யூல் சாயங்காலம், நீர் மாத்திரை சஹருக்கு. முடிந்தது கதை. டாக்டர் எதற்கு?

எழுந்த நேரம்: 12.40, 3.00. இரண்டே இரண்டு!

உம்மா, "ரோஸ்மில்க்க நிறுத்துனது நல்லதாப் போச்சு" என்றாள். நானும் தலையாட்டினேன்.


நோன்பு 10, சனி

காலையில் வாப்பா ஆறு தடவை போனார். நடுப்பகலில் உதடு வெடித்திருந்தது. நோன்பு, தண்ணீர் குடிக்க முடியாது.

நாலு மணிக்குக் கடையில் இருந்தேன். (சும்மா.) பீரோவுக்கு நாலடிக் கண்ணாடி. வாப்பா குனிந்து கோடு போட்டார், வைர முனையால் இழுத்தார், நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் அப்படியே மேஜையைப் பிடித்தார். கண்ணாடி சரிந்து தரையில் சிதறியது. அதன் மேல் அவர் விழாமல் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். அவ்வளவு எடை குறைந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். "இன்னும் ரெண்டு மணி நேரந்தானல" என்று தள்ளினார். சத்தம் கேட்டு வீட்டிலிருந்து உம்மா ஓடி வந்தாள்.

"ஒடம்புக்கு முடியலன்னா நோன்ப விட அல்லாவே விட்டுக்குடுத்திருக்கான். நீங்க என்ன அவனவிடப் பெரிய ஆளா? குடிங்க."

வாப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக் குடித்தார். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாம். நான் டேப் வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். டேப் எங்கள் கடையிலேயே மூன்று இருக்கிறது.


நோன்பு 11, ஞாயிறு

கிளினிக் விடுமுறை. டாக்டருக்குப் போன் செய்ததற்கு, இன்று நோன்பும் வேண்டாம், நீர் மாத்திரையும் வேண்டாம், நாளை நோட்டோடு வாருங்கள் என்றார்.

நோட்டோடு. முதல் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். கிழித்தால் பின்பக்கத்தில் உள்ள இரண்டாம் நாளும் போகும், நேரங்கள் போகும். நேரங்களை மட்டும் தனித்தாளில் எழுத உட்கார்ந்தேன். பாதியில் விட்டுவிட்டேன்.


நோன்பு 12, திங்கள்

டாக்டர் தெய்வானை நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். மீன் நின்று கேட்கும் இடத்தில் சிரித்தார். சில பக்கம் தள்ளிச் சிரிப்பு நின்றது, மறுபடியும் முதல் பக்கத்துக்குத் திரும்பினார். வாப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த 'முதல்', 'கடைசி' டப்பா யார் ஐடியா?"

நான் வாயைத் திறந்தேன். வாப்பா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

"நாந்தாம்மா" என்றார் மின்விசிறியிடம்.

"பையன் தான் செஞ்சதா எழுதியிருக்காரே."

"அவன் பெருமைக்கு எழுதியிருப்பான்மா. சொன்னது நான்."

டாக்டர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், அது முதல் சாப்பாடா கடைசிச் சாப்பாடான்னு அந்த மாத்திரைக்குத் தெரியாது. போட்டதும் தண்ணிய வெளிய தள்ளும். நீங்க முழிச்சிருக்கிற பகல்ல தள்ளட்டும்னுதான் காலைல போடச் சொன்னேன். உங்க முதல் சாப்பாடு பொழுது சாஞ்சப்புறம் வருது. நோன்பு வைப்பேன்னு என்கிட்ட சொல்லியிருக்கணும். நானும் கேட்டிருக்கணும். சரி, அதத் திருத்துறேன்னு வெள்ளிக்கிழமை மாத்தினதும் நீங்கதானா?"

"அ... ஆமாம்மா." இது அவருக்கே புதுச் செய்தி.

"அன்னைக்கு விடியக்காலை ஒரு கேப்ஸ்யூல், சாயங்காலம் ஒண்ணு. ஒரே நாள்ல ரெண்டு. மறுநாள் சஹர்ல நீர் மாத்திரை, அதுக்குமேல பகல் பூரா தண்ணி இல்லாம வெயில். தலை சுத்தாம என்ன செய்யும்? கண்ணாடி மேல விழுந்திருந்தா?"

இப்போது நான் மின்விசிறியைப் பார்த்தேன். அதில் மூன்று இறக்கை.

இந்த மாதம் நீர் மாத்திரையை நிறுத்தி, அழுத்தத்துக்கு வேறொன்று எழுதினார். கேப்ஸ்யூல் தினமும் நோன்பு திறந்து சாப்பிட்டு அரை மணியில், ஒரே நேரத்தில். உட்கார்ந்த இடத்திலிருந்து சட்டென்று எழக் கூடாது. தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக. தராவீஹுக்குப் பின் டீ கிடையாது. தொழப் போகுமுன் ஒரு தடவை போய், இரண்டு நிமிஷம் பொறுத்து, மறுபடியும் முயன்றுவிட்டு வர வேண்டும். மூன்று நாள் அழுத்தம் பார்த்துவிட்டு அப்புறம் நோன்பு.

"எல்லாம் செஞ்சாலும் ராத்திரி ஒண்ணு ரெண்டு தடவை எந்திரிக்கத்தான் செய்வீங்க. மாயமெல்லாம் இல்ல" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "தம்பி, நிறுத்தாம எழுதுங்க. நல்லாயிருக்கு."

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன் வாப்பா அப்படிச் சொன்னிய?"

"ஒன்ன மடையன்னு நான் சொல்லலாம், ஒங்க உம்மா சொல்லலாம். அந்தம்மா எதுக்குல சொல்லணும்?" கொஞ்ச தூரம் நடந்தார். "மடையா."


நோன்பு 16, வெள்ளி

மறுபடியும் நோன்பு தொடங்கினார். எழுந்த நேரம்: 12.10, 2.50.

தர்பூசணிக்கு விடுதலை. ஒரே ஒரு துண்டு.


நோன்பு 21, புதன்

எழுந்த நேரம்: 1.00, 3.10. தராவீஹில் இன்று பதினாறு வரை தாக்குப்பிடித்தார். மலுக் மாமா கற்கண்டு மெல்லத் தொடங்கியிருக்கிறார். தலைவரிடம், "இருபத்தேழுக்கு நான் தயார்" என்று சொல்லி வைத்திருக்கிறாராம்.


நோன்பு 26, திங்கள்

இருபத்தாறாம் நோன்பு திறந்த இரவுதான் இருபத்தேழாம் இரவு.

வாப்பா எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். கேப்ஸ்யூல் ஏழே காலுக்கு. தண்ணீர் மிடறு மிடறாக. பள்ளிவாசலில் ஒரு தடவை போய், இரண்டு நிமிஷம் நின்று, மறுபடியும். அந்த இரண்டு நிமிஷத்தை வெளியே நின்று போனில் பார்த்துச் சொன்னவன் நான்.

"பக்கத்துலயே நில்லு. இன்னைக்கு எட்டுல ஓடுன, காலை ஒடிப்பேன்" என்றார்.

கூட்டம் தெரு வரை நின்றது. மைக்குக்கு நேர் பின்னால் மலுக் மாமா, வாயில் கற்கண்டு. எட்டு முடிந்தது. என் கால் தன்னால் வாசலைப் பார்த்துத் திரும்பியது, இழுத்து வைத்தேன். பன்னிரண்டு. பதினாறு. வாப்பா சொன்ன தஸ்பீஹுக்குக் கூட்டம் அதிர்ந்தது. ஆனால் இமாம் இன்று நீளமாக ஓதினார். பதினெட்டாவதில் வாப்பா ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறினார். பத்தொன்பதில் பெருவிரல்கள் மடங்கின.

இருபது. முடித்தே விட்டார். கடைசித் தஸ்பீஹ் மட்டும் பாக்கி. அதற்கு விளக்குகளை அணைப்பது எங்கள் பள்ளி வழக்கம். அணைந்தன. வாப்பா மெதுவாக, டாக்டர் சொன்ன மாதிரி, எழுந்தார். பின்னால் மாமா தொண்டையைச் செருமினார். இருட்டில் வாப்பாவின் கை என் தோளைப் பிடித்து மைக் முன்னால் அழுத்தியது.

"டீக்கடையில சொல்லுவேல்லா" என்று காதுக்குள் சொன்னார். "அதச் சொல்லு."

பக்கக் கதவு திறந்து மூடியது.

அவருக்குத் தெரிந்திருக்கிறது! அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. மாமாவின் கை என் தோளுக்கு மேலாக நீண்டது. நான் வாயைத் திறந்தேன். வாப்பாவின் குரல் வந்தது. டீக்கடையில் சிரிப்புக்காக வரும் குரல்தான். இங்கே யாரும் சிரிக்கவில்லை. முதல் வரி, இரண்டாவது வரி. மூன்றாவதில் இழுத்தேன். ஊர் முழுக்கத் திருப்பிச் சொன்னது. மைக் திறந்திருந்ததால் மாமாவால் ஒன்றும் பேச முடியவில்லை. அவரும் சேர்ந்து சொன்னார், கற்கண்டோடு.

விளக்கு எரிந்தபோது வாப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், முழங்கை வரை ஈரம்.

எல்லாம் முடிந்ததும் தலைவர் வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். "பாய், கடைசியில சொன்னிய பாருங்க, வாலிபம் திரும்பிருச்சு ஒங்களுக்கு! அடுத்த வருசமும் நீங்கதான்."

மாமா என்னை வாசலில் மடக்கினார். "ஏல, ஒங்க வாப்பா எப்ப வெளிய போனாரு?"

"எங்க போனாரு மாமா? இங்கதான இருந்தாரு. இருட்டுல ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

வீட்டுக்கு நடந்தோம். வழியில் கேட்டேன்.

"கேட்டிச்சா வாப்பா?"

"ஹவுள் பக்கத்துல ஸ்பீக்கர் இருக்குல்லா. நல்லாக் கேட்டிச்சு." தெருமுனையில் நின்றார். "ஏல, மூணாவது வரியில நான் அவ்வளவா இழுக்கேன்?"

"ஆமா."

"இருபத்திரண்டு வருசமா ஒருத்தன் எங்கிட்ட சொல்லலையே!"

எழுந்த நேரம்: 1.40. ஒரே ஒரு தடவை.

மேடத்துக்கு: நானும் இருபது ரக்அத்தும் நின்றேன். செருப்பு தொலையவில்லை.